குளிசையும் ஜம்போலாவும்

என் கணவர் நிஸாமின் உடம்பில் ஏதோ பிழை என்று எனக்கு முதலில் காட்டித் தந்தது வைத்தியரும் அல்ல, இரத்தப் பரிசோதனையும் அல்ல. தொழுகைதான். வீட்டில் அவர் முன்னால் நின்று தொழுவிப்பார், நான் பின்னால் நிற்பேன். சுஜூதிலிருந்து (நெற்றியை நிலத்தில் வைத்து வணங்கும் நிலை) எழும்பும்போது அவர் கையை ஊன்றுகிறவரே இல்லை. அன்று மாலை இரண்டு கைகளையும் தரையில் அழுத்தி, கொஞ்சம் பொறுத்து, பிறகு எழும்பினார். தொழுகையில் வேறு யோசனை வரக்கூடாது. எனக்கு வந்துவிட்டது.

சலாம் கொடுத்து முடித்ததும் கேட்டேன்.

“என்ன செய்யுது உங்களுக்கு?”

“ஒண்டுமில்லை. தொடை கொஞ்சம் இறுக்கம். நேத்து முழுக்க நிலத்தில இருந்ததெல்லோ.”

அவருக்கு டைல் போடுகிற வேலை. ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து இந்த நகரத்துக் குளியலறைகளின் நிலத்தில் முழங்காலில் நின்றே எங்களை வாழ வைத்தவர். வேலை முடிந்து வந்தால் முதுகைப் பிடித்துக்கொள்வார், முழங்காலுக்குத் தைலம் போடுவார். தொடை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுவும் ஒரு தொடை என்றாலும் பரவாயில்லை. கேட்டால் இரண்டும் என்றார்.

அவர் ஸ்டாட்டின் குளிசை (ஈரல் கொலஸ்ட்ரோலை உண்டாக்குவதைக் குறைக்கும் மருந்து) எடுக்கத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

குளிசை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய ஒரே அண்ணன் ஃபாரூக். எங்கள் வழக்கில் அண்ணனை நானா என்போம். ஃபாரூக் நானா ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருந்தார். வெற்றிலை சிகரெட் ஒன்றும் கிடையாது, ஆள் மெலிவு. ஒரு காலை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. ஐம்பதைத் தாண்டி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் (இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதுவது) ஓதி முடிந்த கையோடு நான் இவரை இழுத்துக்கொண்டு போய் இரத்தம் எடுப்பித்தேன். எல்.டி.எல் (இரத்தக் குழாயின் உட்சுவரில் படிகிற கெட்ட கொழுப்பு) இருக்க வேண்டிய அளவை விட வெகு மேலே நின்றது. அவரும் நானாவைப் போலவே மெலிந்தவர். மெலிந்த ஆளுக்குக் கொலஸ்ட்ரோல் வராது என்று நினைத்திருந்த எங்கள் வீட்டு ஞானம் அன்றோடு முடிந்தது.

எங்கள் குடும்ப வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண். ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு பிளாசாவில், ஒரு சலூனுக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் அவருடைய கிளினிக். எங்கள் இருவரையும் விட இளையவர், அதனால் இவரை “அண்ணை” என்பார். குளிசையை எழுதித் தந்தபோதே, “உதோட சாப்பாட்டையும் மாத்த வேணும், நடக்கவும் வேணும். ஒண்டு இருக்கு, மற்றது தேவையில்லை எண்டு நினையாதேங்கோ” என்றார்.

இவர் அந்தச் சொல்லைப் பிடித்த பிடி இருக்கிறதே, நான் கலியாணம் முடித்த ஆள் இவர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வட்டிலப்பம் செய்து ஓடருக்குக் கொடுக்கிறவள். தேங்காய்ப் பாலும் முட்டையும் பனங்கட்டியும் சேர்ந்து அவிகிற வாசம் எங்கள் குசினியில் நிரந்தரம். அந்த வாசத்துக்குள் இருந்துகொண்டே ஒரு மனிதர் ஒரு கரண்டி கூடக் கேட்காமல் இருந்தார். இறைச்சி கிழமைக்கு ஒரு தரம். பொரியல் இல்லை. சோற்றைப் பாதியாக்கிக் கீரையை இரட்டிப்பாக்கினார். காலையில் வேலைக்குப் போக முன்னர் மில்லிக்கனில் எங்கள் தெருவைச் சுற்றி நடந்தார், பனிக்காலத்தில் பெரிய கடைத்தொகுதியான மோலுக்குள் நடந்தார். “நாள் முழுக்க மாடு மாதிரி வேலை செய்யிறன், எனக்கென்ன நடை?” என்று முன்பு கேட்ட அதே வாய்தான், “வேலை வேற, நடை வேற. டொக்டர் சொல்லிப்போட்டா” என்றது.

இனிப்புக்குப் பதில் அவர் கண்டுபிடித்தது ஜம்போலா (பம்பளிமாஸ் பழம்). எங்கள் பக்கத்துச் சீனக் கடையில் பனிக்காலத்தில் தலையளவு தலையளவாகக் குவித்திருப்பார்கள். ஊரில் தின்ற பழம், நார் உள்ளது, கொழுப்பில்லை, விலையும் நியாயம். இராச் சாப்பாடு முடிந்ததும் அவரே உரிப்பார். தோலை ஒரே சுருளாக எடுத்து, வெள்ளைச் சதையை நீக்கி, ஒவ்வொரு சுளையையும் உடையாமல் பிரித்துத் தட்டில் வரிசையாக அடுக்குவார். டைல்காரன் உரித்த பழம் என்று பார்த்தவுடன் தெரியும். எனக்கு இரண்டு சுளை, மிச்சம் முழுவதும் அவருக்கு.

பாமசியில் தந்த குளிசைப் போத்தலில் ஒரு சின்ன ஒட்டு இருந்தது: கிரேப்ஃபுரூட் சாப்பிட வேண்டாம். நாங்கள் அதை வாசிக்காமல் விட்டவர்கள் அல்ல. இரண்டு பேரும் கண்ணாடி போட்டு வாசித்தோம்.

“அந்தச் சிவப்புக் கசப்புப் பழத்தை ஆர் தின்றது?” என்றார் இவர்.

“வெள்ளைக்காரர் காலமையில கரண்டியால கிண்டித் தின்றவை” என்றேன் நான். அத்தோடு அந்த விசயம் எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது.

தொடை நோ தீரவில்லை, கூடிக்கொண்டு போனது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கத் தொடங்கினார். ஒரு நாள் பிக்கரிங்கில் ஒரு புது வீட்டில் வேலை. குளியலறை நிலம் முடித்துவிட்டு எழும்ப முடியாமல், தான் சற்று முன் ஒட்டிய டைலின் மேலேயே கையை ஊன்றிவிட்டார். டைல் அசைந்துவிட்டது. கழற்றி மறுபடி ஒட்டியிருக்கிறார். அதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நோவை விட அந்த அசைந்த டைல்தான் அவரை உடைத்தது.

எங்கள் சமூகத்தில் வைத்தியர் இல்லாத வீடு இருக்கும், வைத்தியம் தெரியாத வீடு கிடையாது. அந்த மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாணச் சாப்பாடு. எங்கள் வழமைப்படி சஹன் (ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு) வைத்தார்கள். சஹனில் இருந்து உணவுக் கட்டுப்பாடு காப்பது இலேசான காரியமல்ல. நாம் எவ்வளவு தின்றோம் என்று நமக்கே தெரியாது, பக்கத்திலிருப்பவர் அன்பு மேலிட்டு இறைச்சியை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். இவர் வந்த இறைச்சியையெல்லாம் சத்தமில்லாமல் எதிர்ப் பக்கம் தள்ளிவிட்டுச் சலாதும் கொஞ்சச் சோறும் தின்று எழும்பினார் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அவர் பக்கம் இறைச்சியைத் தள்ளியவர்களின் கைகள் புத்திமதியையும் தள்ளியிருந்தன. ஒருவர் அந்தக் குளிசை தசையைத் தின்றுவிடும் என்றாராம். இன்னொருவர் தான் குளிசையை வீசிவிட்டு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே சரியாக்கினதாகச் சொன்னாராம். சரியாயிற்று என்று பரிசோதித்துப் பார்த்தாரா என்று நான் கேட்டேன். அதை அவர் சொல்லவில்லையாம்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் வானை ஓட்டிக்கொண்டே, “நான் குளிசையை விடப் போறன்” என்றார்.

“டொக்டரிட்டைக் கேட்டிட்டோ?”

“என்ர கால் எனக்குத் தெரியாதோ? கால் இல்லாட்டி எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாட்டி நான் ஆர்?”

“நெஞ்சு இல்லாட்டி?”

நான் கேட்டது கொடுமையான கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சி, ஃபாரூக் நானாவின் மனைவி, வாசலில் அந்தச் சப்பாத்தின் நாடா கட்டாமலே கிடந்ததைக் காட்டி அழுத நாளை நான் மறக்கவில்லை. எனக்கு இந்த மனிதர் வேண்டும். காலோடும் வேண்டும், நெஞ்சோடும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் மகள்தான் அன்று சண்டையைத் தீர்த்தாள். “வாப்பா, ஸ்டொப் பண்றதெண்டா பண்ணுங்கோ, பட் டொக்டருக்குச் சொல்லிப்போட்டுப் பண்ணுங்கோ. சிம்பிள்” என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத நடு வழி அது.

கிளினிக்கில் வைத்தியர் இவரை நாற்காலியில் இருத்தி, கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். எழும்ப முடியவில்லை. தொடையை அமர்த்திப் பார்த்தார். சி.கே (தசை நைந்தால் இரத்தத்தில் கூடுகிற நொதி) பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார், தைரொயிட்டையும் பார்க்கச் சொன்னார். சிறுநீர் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். அப்படிப் போனால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். இவருக்கு அப்படி இல்லை.

“இந்த நோ மனப்பிரமை இல்லை, அண்ணை. சில ஆக்களுக்கு வரும். நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன்” என்றார். அந்த ஒரு வசனத்துக்கு அவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம். இவருடைய தோள் கீழே இறங்கியதை நான் கண்டேன்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். இவருக்கு அது கொண்டாட்டம். பரீட்சைக்குப் பாடமாக்கி வந்த பிள்ளை மாதிரி காலையிலிருந்து ஒப்புவித்துக்கொண்டு வந்தவர், கடைசியாகப் பெருமையோடு, “இரவில வட்டிலப்பத்துக்குப் பதிலா ஜம்போலா. ஒவ்வொரு நாளும். கிட்டத்தட்ட முழுப் பழம்” என்றார்.

வைத்தியரின் விரல்கள் கீபோட்டில் நின்றன. “ஜம்போலாவோ?” என்றார். கதிரையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். “அண்ணை, உது கிரேப்ஃபுரூட்டின்ர சொந்தக்காரன்.”

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இவர் எடுத்த வகை ஸ்டாட்டினைக் குடலில் இருக்கிற ஒரு நொதி உடைத்து அளவாக்கித்தான் இரத்தத்துக்குள் விடும். கிரேப்ஃபுரூட்டில் இருக்கிற ஒரு பொருள் அந்த நொதியை மடக்கிப்போடும். ஜம்போலாவிலும் அது இருக்கிறது. அதனால் மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் தங்கியிருக்கலாம்.

“அப்ப நான் ஒரு குளிசை போட்டிட்டு ரெண்டு மூண்டு போட்ட மாதிரி இருந்திருக்கிறன்” என்றார் இவர்.

“அப்பிடியும் இருக்கலாம். எல்லாப் பழியையும் பழத்தில போடவும் ஏலாது. ஆனா உங்களில பிழையில்லை. அந்த ஒட்டில உங்கட பழத்தின்ர பேர் இல்லை. கிரேப்ஃபுரூட் எண்டு சொல்லிப்போட்டு நான் விட்டதும் குறைதான். இனி எங்கட ஆக்களிட்ட ஜம்போலா எண்டு பேர் சொல்லித்தான் கேப்பன்.”

நோயாளிக்கு முன்னால் தன் குறையைச் சொல்லுகிற வைத்தியரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இவரோ சிரிக்கவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் இருந்தார். உடம்புக்கு நல்லது என்று செய்த காரியமே கையைக் கடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த ஜம்போலாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு, கிழவருக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

சி.கே கொஞ்சம் கூடியிருந்தது, ஆபத்தான அளவில்லை. தைரொயிட் சரி. குளிசையைச் சில வாரம் நிறுத்தச் சொன்னார் வைத்தியர். நோ மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு காலை அவர் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார். நான் அவித்துக்கொண்டிருந்த இடியப்பத்தை விட்டுவிட்டு அவர் காலையே பார்த்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் கால் திரும்பி வந்ததும் அவருக்கு ஆசையும் வந்துவிட்டது. குளிசை இல்லாமலே செய்து காட்டுகிறேன் என்றார். வைத்தியர் மறுக்கவில்லை. “சரி, நோன்பு முடியுமட்டும். பிறகு இரத்தம் பாப்பம். அந்த றிப்போட் என்ன சொல்லுதோ அதைக் கேக்க வேணும். சம்மதமோ?” என்றார். இவர் சம்மதம் என்று தலையாட்டினார்.

அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். ஓட்ஸ், பயறு, அவித்த மீன், நடை. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பற்றிஸும் சமோசாவும் மலையாகக் குவிந்திருக்கும், அவர் ஈத்தம்பழமும் கஞ்சியும் மட்டும் எடுப்பார். நானோ ஒவ்வொரு நாளும் பயந்தே வாழ்ந்தேன். வேலையிடத்திலிருந்து வரச் சற்றுப் பிந்தினாலும் எனக்கு அந்த அஜக்ஸ் வாசல்தான் ஞாபகம் வரும். இதை அவருக்குச் சொல்லவில்லை. அவர் செய்வதைப் பார்த்துப் பெருமையும் பயமும் ஒன்றாகவே இருந்தன.

பெருநாள் கழிந்து றிப்போட் வந்தது. எல்.டி.எல் இறங்கியிருந்தது. போதாது. எவ்வளவோ போதாது.

“உங்கட முயற்சியில ஒரு குறையும் இல்லை, அண்ணை” என்றார் வைத்தியர். “உங்களைப் போலச் செய்தவையை நான் கனக்கக் காணேல்லை. ஆனா உங்கட ஈரல் பிறக்கேக்கையே அப்பிடி. இது குடும்பத்தில வாறது. சாப்பாட்டால இவ்வளவு தூரம்தான் போகலாம். மிச்சத்துக்கு மருந்து வேணும்.” மகளுக்கும் ஒரு தரம் பரிசோதிக்கச் சொன்னார்.

பிளாசாவின் பாக்கிங்கில் இவர் வானை எடுக்காமல் இருந்தார். நேர்மையாக வேலை செய்தால் நிலம் மட்டமாக வரும் என்பது அவருடைய மார்க்கத்துக்கு அடுத்த நம்பிக்கை. இங்கே வரவில்லை. நான் புத்தி சொல்லப் போகவில்லை, பேக்கரியில் இரண்டு பிளேன்ரீ வாங்கி வந்தேன். குடித்து முடித்துவிட்டு அவரே சொன்னார்.

“நிலம் சரிவெண்டா சரிவுதான். அதுக்கு நிலத்தோட கோவிச்சு என்ன? கீழ சீமெந்து போட்டு நிரவிப்போட்டு டைலை வைக்கிறதுதானே. குளிசையை எடுப்பம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிசையைப் போடுவது பெரிய வீரமா என்று கேட்பீர்கள். பயத்தினால் போடுவதும், ஆரோ சொன்னதற்காக எறிவதும் இலேசு. தன்னால் ஆனதை முழுதாகச் செய்து பார்த்து, அது போதாது என்று கண்டு, வெட்கப்படாமல் துணை கேட்பது இலேசில்லை. என் கணவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று மதிப்பும் கூடியது.

இந்த முறை வேறு வகை ஸ்டாட்டின், சின்ன அளவு. இதற்கும் அந்தப் பழத்துக்கும் பகை இல்லை, வேண்டுமானால் சாப்பிடலாம் என்றார் வைத்தியர். இவர், “வேணாம், எனக்கு அதோட கோவம்” என்று சொல்லிவிட்டார். சாப்பாடும் நடையும் அப்படியே தொடர்கின்றன. அதனால்தான் சின்ன அளவே போதுமாயிற்று என்று வைத்தியர் சொன்னதை இவர் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார், நானும் தடுப்பதில்லை. அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல் சொன்ன இடத்துக்கு வந்தது.

நோ முழுதாகப் போயிற்றா என்று கேட்டால், இல்லை. சில நாட்களில் தொடை கனக்கும். அது குளிசையா, வேலையா, வயதா என்று முன்பு வழக்குப் போலத் துருவிக்கொண்டிருப்போம். இப்போது கனக்கிற அன்று சுவர் வேலையைச் செய்கிறார், நிலத்தை மற்ற நாளுக்கு வைக்கிறார். கூடினால் வைத்தியரிடம் போவோம்.

இதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நோவை மறைக்காதீர்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தின்பதையெல்லாம், நல்லது என்று தின்பதையும், உங்கள் வாயில் வருகிற பெயரிலேயே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

போன மாதம் மச்சியைப் பார்க்க அஜக்ஸுக்குப் போனோம். திரும்பி வரும்போது நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் நெரிசல், வான் ஊர்ந்துகொண்டிருந்தது. இவர் திடீரென்று, “நான் இப்ப நானாவுக்கு மூத்தவன், தெரியுமோ?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். உண்மைதான். நானா நின்றுபோன வயதை இவர் தாண்டியிருந்தார். எங்கள் ஒருவருக்கும் தெரியாமல் அந்த நாள் வந்து போயிருந்தது.

“சின்னனில எனக்குப் புதுச் சட்டையே இல்லை” என்றார், முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி. “எல்லாம் நானா போட்டுக் கழட்டினதுதான். பள்ளிக்கூடம், வேலை, கனடா, எல்லாத்திலயும் அவர் முன்னால போவார், நான் அவரின்ரதைப் போட்டுக்கொண்டு பின்னால போவன். இந்த வயசுதான் அவர் போடாத சட்டை. எப்பிடிப் போடுறதெண்டு காட்ட ஆளில்லை.”

அவரைச் சும்மா விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

“நீங்கள் கடைசிப் பிள்ளை” என்றேன். “கழட்டிக் குடுக்க உங்களுக்குக் கீழ ஒருத்தரும் இல்லை. நைஞ்சு போகுமட்டும் நீங்களே போடுங்கோ.”